இருந்திருக்கக்கூடிய தேசப்படங்களும் கதியால் பெயர்ச்சியும்: கொக்குவில் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நடக்காத வரலாற்றுக்குத் தேசப்படம் கீறுவது மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நம்புவோர் உளர். நெப்போலியன் வாட்டர்லூவில் வென்றிருந்தால் ஐரோப்பாவுக்கு என்ன நிறம் தீட்டுவது என்று அவர்கள் அடிபட்டுக்கொள்ளட்டும். கொக்குவிலில் இக்கலை, சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் சுருட்டியபடியே மறுத்துக் கதைத்த காலத்திலேயே முதிர்ந்துவிட்டது. எனினும் முறையான ஆய்வு எதுவும் இல்லை. செய்யக்கூடியவர்கள் அடிக்குறிப்பு எழுதிக் களைத்துப்போய், மேலே எழுதவேண்டியதை மறந்துவிட்டார்கள்.

முதலில் வரைவிலக்கணம். அது இல்லாமல் தொடங்குவது ஆபத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது, யாராவது நடந்து வந்துவிடக்கூடும். ஆகவே சூத்திரம்:

பெயரா வேலியும் பெருகா வளவும்
இலவென மொழிப எல்லைகண் டோரே.

இஃது என்னுதலிற்றோவெனின், தேசப்படம் கீறுவார்க்கெல்லாம் பொதுவாயதோர் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. வேலி என்றது ஈண்டுக் கடற்கரையையும் குறிக்கும். தன் வளவு பெருகும் எனவே, அயலான் வளவு சிறுக்கும் என்பது தானே பெறப்படும். எல்லைகண்டோர் என்றது நில அளவையாளரை அன்று. அவருக்குக் காசு கொடுத்தவரை.

இனி வகைகள்.

அரசியல் எல்லைப் படங்கள்: இவ்வகை பற்றி இக்கட்டுரையாளர் யாதும் அறியார்.

அன்னியர் கீறிய படங்கள்: 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற். காரைதீவு ஆம்ஸ்ரடாம். வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். இருந்த இடத்திலேயே இல்லாத ஒல்லாந்தைக் கீறிய இச்செயலுக்கு முன் இன்றைய கற்பனைப் படக்காரர் எவரும் நிற்கமாட்டார். மணிமேகலை இறங்கிய மணிபல்லவம் நயினாதீவே என்போர் கூற்றை ஏற்றால், அவள் அமுதசுரபி பெற்றது ஹார்லெமில் என்றாகும். இதை மறுப்பவர் சான்றுடன் வரவேண்டும் (வாசிகசாலை வாங்கு, மேற்கு முனை). குடாநாட்டில் ஒல்லாந்தர் கொக்குவிலுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. அவர்களுடைய ரசனையைப் பற்றி வேறு சொல்ல என்ன இருக்கிறது?

பொறியியலாளர் கீறிய படம்: ஆனையிறவுக் கடனீரேரியில் மழைநீரைத் தேக்கி நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிப் பக்கம் கொண்டுபோய், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உப்பை மறித்தால் குடாநாட்டுக்கு ஓர் ஆறு கிடைக்கும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம். உண்மையிலேயே நடந்திருக்கக்கூடியது என்பதால் விவாதிகள் மத்தியில் இதற்கு மதிப்புக் குறைவு.

பாலப் படங்கள்: பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. அதற்குப் பதிலாக மணல்திட்டுகள் மேலாகவே தண்டவாளம் போட்டிருந்தால்? இப்படத்தைப் பலர் பலவிதமாகக் கீறியிருக்கிறார்கள். எல்லாப் பாடங்களிலும் ஒத்துவருவது ஒன்றே: சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கடுகதி கொக்குவிலில் நிற்பதில்லை (குளப்பிட்டிச் சந்தித் தேத்தண்ணிக் கடை, இரண்டாம் தேத்தண்ணிக்குப் பின்; முதலாம் தேத்தண்ணிப் பாடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறது, அது இடைச்செருகல்).

கடல்கொண்ட படங்கள்: இதுவே ஆய்வின் உயிர்நிலை.

1864இல் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு சிக்கல். மடகஸ்காரில் லெமூர் இருக்கிறது, இந்தியாவிலும் இலங்கையிலும் அதன் உறவினரான தேவாங்கு இருக்கிறது, நடுவே சமுத்திரம். தேவாங்கு நீந்தாது என்பதால் அவர் ஒரு கண்டத்தையே போட்டு, லெமூரியா என்று பெயரும் வைத்தார். 1912இல் வேக்னர் வந்து, கண்டங்களே நகர்கின்றன, விலங்கு நடக்கத் தேவையில்லை என்றார். விஞ்ஞானிகள் மெல்ல மெல்ல அந்த நிலத்தைக் கைவிட்டார்கள். அதற்குள், எங்கள் கடல்கொண்ட நாடு அதுவே என்று நாங்கள் குடியேறிவிட்டோம். பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை என்று 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. லெமூரியாவில் எங்கள் ஆட்சி அதைவிட எத்தனையோ மடங்கு.

அடியார்க்குநல்லார் உரைப்படி, பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் கடல்கொண்டது எழுநூற்றுக் காவதம், நாற்பத்தொன்பது நாடு. காவதம் பத்து மைல் என்பது பலர் கொண்ட கணக்கு. அப்படியானால் 7,000 மைல். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவம் ஏறத்தாழ 6,770 மைல்தான். ஆகவே தெற்கு நோக்கிப் புறப்பட்ட பாண்டிநாடு துருவத்தைத் தாண்டி, மறுபக்கத்தால் 230 மைல் வடக்கு நோக்கிப் போகிறது. தென்னவன் கடைசி 230 மைலுக்கு வடவனாகிறான். காவதத்தைச் சுருக்கி இச்சங்கடத்தைத் தீர்க்க முயல்வோரும் உளர். அவர்களுடைய தமிழ்ப்பற்றை வாசகர்கள் எடைபோட்டுக்கொள்ளலாம்.

இத்தனை நிலம் எப்படிப் போனது? ஆழிப்பேரலை என்பார் ஒருசாரார். கொக்குவில் தரவு வேறுவிதமாகக் காட்டுகிறது.

இங்கே வேலி அடைப்பது வருடாந்தக் கருமம். கிடுகு மாற்றும்போது உக்கிய கதியாலும் மாற்றப்படும். புதிய கதியாலுக்குரிய குழி, பழைய குழியின் மேல் அமைவதில்லை. அயலான் பக்கமாகவே அமையும். இதில் கெட்ட எண்ணம் கிடையாது. நடுகிறவர் தன் வளவுக்குள் நின்று நடுகிறார். அலவாங்கு முன்னுக்குத்தான் குத்தும். ஓர் அடைப்புக்கு இரண்டு விரல், அதாவது ஒன்றரை அங்குலம் எனக் கொள்வோம். பூமியின் கண்டத்தட்டுகள் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கின்றன என்று புவியியலார் இன்று அளந்து சொல்லும் வேகமும் கிட்டத்தட்ட இதுவே. வேக்னர் கிறீன்லாந்துப் பனியில் அலைந்து உயிரை விட்டிருக்க வேண்டியதில்லை. ஆடி கழிய ஒருதரம் இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

கடலையும் ஓர் அயலவனாகக் கொண்டு கணக்கிடுவோம். இறையனார் அகப்பொருள் உரைப்படி முதற்சங்கம் 4,440 வருடம், இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850, கூட்டினால் 9,990. வருடம் ஒன்றரை அங்குலமாகக் கடல் இவ்வளவு காலமும் ஒழுங்காக வேலி அடைத்திருந்தால் எடுத்திருக்கக்கூடியது 1,249 அடி. கால் மைலுக்கும் குறைவு. மிச்சம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மைல் எங்கே?

ஒரே விடை: ஒற்றி. பாண்டியன் காணியைக் கடலிடம் ஒற்றி வைத்திருக்கிறான். மீட்கவில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், காணி விற்பவர் உரித்துக்காரருக்கும் பங்குக்காரருக்கும், ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் சொல்லவேண்டும் என்று இருக்கிறது. கடல் அயற்காணிக்காரர், ஒற்றியும் கையில். அதற்கு முன்னால் வேறு யார் வாங்க முடியும்? (இக்கருத்து வேலிக்கு மேலால் சொல்லக் கேட்டது. கிடுகு உக்கியிருந்தமையால் மேலும் இரண்டு சொற்கள் கேட்டன. அவை அச்சேறத் தக்கனவல்ல.)

இதற்கு மேற்சான்று பாண்டியனின் அடுத்த நடத்தை. நிலம் போனதும் அவன் கடலோடு வழக்குக்குப் போகவில்லை. சோழநாட்டு எல்லையில் முத்தூர்க் கூற்றத்தையும் சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றத்தையும் எடுத்துக்கொண்டான் என்று அதே அடியார்க்குநல்லார் சொல்கிறார். கிழக்கு வேலியில் இழந்ததை மேற்கு வேலியில் எடுப்பது. இதைச் செய்யாத வளவு ஆடியபாதம் வீதியின் இரு மருங்கிலும் உண்டோ என்பது தனி ஆய்வுக்குரியது. கள ஆய்வாளர் காலில் செருப்புடன் போவது நன்று. ஆகவே பாண்டியன் கொக்குவிலான். (பெரியம்மா பாடம். சின்னம்மா பாடத்தில் கோண்டாவிலான். தாவடியான் என்பது பிற்காலத்துப் பிரதிகளில் மட்டும் காணப்படுவது. மூன்றையும் ஒப்புநோக்கிய பதிப்பு ஒரு கலியாண வீட்டில் வெளிவர இருந்தது. பந்திக்குக் கூப்பிட்டுவிட்டமையால் இரண்டாம் இயலோடு நின்றது. கையெழுத்துப் பிரதி வாழையிலையில் இருந்ததாகவும், அதன்மேல் பருப்பு விட்டுவிட்டார்கள் எனவும் அறிகிறோம்.)

இதை முறையற்ற முடிவென்பார்க்கு ஒரு விடை. யாழ்ப்பாண அரசின் சிங்கைநகர் வல்லிபுரமா, பூநகரியா, நல்லூரா என்று நூறு வருடமாக எழுதப்பட்டவற்றைப் பார்க்க. காணாமற்போன தலைநகரங்கள், தேடுகிறவருக்கு வசதியான பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்டவே கண்டெடுக்கப்படும் போக்கு உலகெங்கும் உண்டு. நாங்கள் செய்தது அதன் நேர்மையான வடிவம், அலவாங்கை மறைக்கவில்லை.

ஓர் ஆட்சேபம் மட்டும் மிச்சம் இருக்கிறது. "ஒற்றியெண்டால் உறுதி எங்கை, காணும்?" என்று இளைப்பாறிய நொத்தாரிசு ஒருவர் கேட்டார். உறுதி காணியோடு தாழ்ந்துவிட்டது என்றோம். "அப்ப எதிராளிக்கு அழைப்பாணை குடுத்ததோ?" என்றார். காங்கேசன்துறைக்குப் போய் மூன்றுதரம் கூப்பிட்டாயிற்று. கடல் தரப்பில் எவரும் ஆஜராகவில்லை. ஒருதலைப்பட்சமாக விளங்க நொத்தாரிசு சம்மதித்திருக்கிறார், தன் தேத்தண்ணிக் காசையும் நாங்களே கொடுப்பதென்றால்.