பொங்கல் சிறப்புப் பேருந்து ஆலோசனைக் கூட்டத்திற்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஜி.எஸ்.டி. சாலையோரக் குடியிருப்போர், தாம்பரம் முதல் ஊரப்பாக்கம் வரை.

பெறுநர்: மாண்பமை பொங்கல் சிறப்புப் பேருந்து ஆலோசனைக் கூட்டம், சென்னை.

பொருள்: பொங்கல் ஆண்டுதோறும் வருவது – கூட்டத்தின் கவனத்திற்குக் கொண்டுவருதல் – தொடர்பாக.

பார்வை: தினசரி நாள்காட்டி, ஜனவரித் தாள்கள்.

பொங்கல் தை மாதம் முதல் நாள் கொண்டாடப்படும் பண்டிகை. சூரியன் மகர ராசிக்குள் நுழைவதை ஒட்டி வருவதால் இக்காலத்தில் அது ஜனவரி 14 அல்லது 15ஐ விட்டு நகர்வதில்லை. தீபாவளியைப் போல அமாவாசைக்குக் காத்திருந்து முன்னே பின்னே போகும் பழக்கமும் அதற்குக் கிடையாது. புயல் என்றால் வானிலை மையம் சில நாள் முன்புதான் சொல்ல முடியும். பொங்கலுக்கு அந்தச் சிரமம் இல்லை. அடுத்த நூறு பொங்கலின் தேதியையும் எந்தப் பஞ்சாங்கக்காரரும் உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடுவார். ஆனாலும் சென்னையிலிருந்து சொந்த ஊர் போகிறவர்களுக்கான ஏற்பாட்டை அறிவிக்கும் கூட்டம் பெரும்பாலும் ஜனவரி பிறந்த பிறகே கூடுகிறது.

பயணிகள் இந்த விஷயத்தில் கூட்டத்தைவிட முன்னே இருக்கிறார்கள். ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்து, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அதனால் பொங்கலுக்கு ஊர் போகிறவர் நவம்பர் நடுவில், காலை 8 மணிக்கு, கைபேசியைக் கையில் பிடித்தபடி உட்காருகிறார். நெல்லை, பொதிகை, பாண்டியன் ஆகிய மூன்று ரயில்களும் அவர் கடவுச்சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. ஆக, எத்தனை பேர் ரயிலில் இடம் கிடைக்காமல் பேருந்துக்கு வருவார்கள் என்ற தகவல் நவம்பரிலேயே ஓர் அரசின் கணினியில் இருக்கிறது. இன்னொரு அரசின் கணினிக்கு அது வந்து சேர இரண்டு மாதம் ஆகிறது. அது எந்த ரயிலில் வருகிறது என்று தெரியவில்லை.

கூட்டத்தின் முதன்மை விளைபொருள் ஓர் எண். 2025 பொங்கலுக்கு அந்த எண் 21,904. அதைத் தயாரிக்கும் முறை பள்ளிக் கணக்கைத் தாண்டாது. சென்னையிலிருந்து நாள்தோறும் வெளியூர் போகும் பேருந்துகள் 2,092. பண்டிகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை போகும். ஜனவரி 10 முதல் 13 வரை நான்கு நாள் என்பதால் அதை நான்கால் பெருக்கினால் 8,368. அந்த நான்கு நாளுக்குமான சிறப்புப் பேருந்துகள் 5,736. இரண்டையும் கூட்டினால் 14,104. மற்ற ஊர்களிலிருந்து இயங்குபவை 7,800. மொத்தம் 21,904. தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடமும் சேர்த்து இருப்பதே ஏறக்குறைய இருபதாயிரம் வண்டிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் அருமை விளங்கும். இதில் பொய் ஏதும் கிடையாது. நடைகளைப் பேருந்துகளாக எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவே. வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் போய்த் திரும்பி, சனிக்கிழமை மறுபடி கிளம்பும் அதே வண்டி, அதே இறுகிப்போன ஜன்னல், அதே சாயாத இருக்கையோடு நான்கு நாளில் நான்கு பேருந்தாகப் பெருகுகிறது. தலைப்புச் செய்தியில் ஏறிய 21,904 பேருந்தில் பயணி ஏற முடியாது என்பது மட்டும்தான் குறை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இனி, அந்த எண்ணில் இல்லாதவர்கள். பேருந்து தானாக ஓடுவதில்லை. நான்கு நாளுக்கு 5,736 சிறப்புப் பேருந்து என்றால் நாளொன்றுக்குச் சராசரி 1,434. வண்டிக்கு ஓர் ஓட்டுநர், ஒரு நடத்துநர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 2,868 பேர். வழக்கமான வண்டிகளுக்கு ஏற்கெனவே ஆள் போட்ட பிறகு, கூடுதலாக இத்தனை பேர் வேண்டும். இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது செய்திக்குறிப்பில் வராது. டிப்போ அறிவிப்புப் பலகையில்தான் வரும். விடுப்பு ரத்து, வார ஓய்வு ரத்து, டபுள் டூட்டி, பக்கத்து டிப்போவிலிருந்து இரவல் என்று சாக்பீசால் எழுதியிருக்கும். ஊர்க்காரர்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கும் ஓர் ஊர் உண்டு, அங்கே அவர் வீட்டிலும் ஒரு பானை பொங்கும் என்ற விவரம் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதுவரை இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

சட்டம் இதைக் கூட்டத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. நெடுந்தூர வழித்தடத்துக்கும் பண்டிகை நாள்களுக்கும் அனுமதி பெற்று அந்த எல்லையைத் தாண்டலாம் என்றும், எப்படிப் போனாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலி சுமார் 600 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத இரவிலேயே பத்து மணி நேரத்தைத் தொடும் தூரம். பொங்கலுக்கு முந்தைய இரவில், கிளாம்பாக்கத்திலிருந்து பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள்ளேயே ஓட்டுநரின் சட்டபூர்வ நேரத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். சட்டம் எழுதியவர்கள் பரனூரைப் பார்க்கவில்லை.

ஆள் பற்றாக்குறையைப் பற்றித் தொழிலாளர்கள் எடுத்துச் சொல்லாமலும் இல்லை. பொங்கலைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் மற்ற மாதங்களில் சொன்னால் யார் காதிலும் விழுவதில்லை. 2018 ஜனவரி 4 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம், உயர் நீதிமன்றம் தலையிட்டு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக அமர்த்திய பிறகு 11ஆம் தேதி முடிந்தது. 2024 ஜனவரி 9 அன்று மறுபடியும் வேலைநிறுத்தம். காலிப் பணியிடங்களை நிரப்புவது, ஓய்வூதியர்களின் அகவிலைப்படி, ஊதிய ஒப்பந்தம் ஆகியவை கோரிக்கைகள். தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டிகள் எடுக்கப்பட்டன. மறுநாளே உயர் நீதிமன்றத்தில் பேசி, பொங்கல் முடியும்வரை போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இந்த வரலாற்றைப் படிக்கிறவருக்கு, போக்குவரத்துத் துறையின் ஆள் திட்டமிடும் பிரிவு உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது: ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு 3,274 இடங்களை நிரப்ப 2025 மார்ச்சில் விண்ணப்பம் கோரினார்கள். நல்ல காரியம். அந்த ஆண்டுப் பொங்கல் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பேருந்து எங்கிருந்து கிளம்பும் என்பது தனிப் பாடம். கிளாம்பாக்கத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 88.52 ஏக்கரில் கட்டிய கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த பொங்கல் 16 நாள் கழித்து வந்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சியவர்கள்கூட அதே மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். முனையம் திறந்தபோது அதற்கான ரயில் நிலையம் இல்லை. திருவொற்றியூர்க்காரர் திருச்சிக்குப் போவதென்றால், முதலில் கிளாம்பாக்கத்துக்கு ஒரு பயணம் போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்தப் பொங்கலுக்குக் கிளாம்பாக்கம், கோயம்பேடு, மாதவரம், கே.கே. நகர், பூந்தமல்லி, தாம்பரம் சானடோரியம் என ஆறு இடத்திலிருந்து வண்டிகள் கிளம்பின. எந்த ஊருக்கு எந்த இடம் என்ற பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் தேறிவிடுவார்கள். பிப்ரவரியில், பண்டிகை விடுமுறை ஏதும் இல்லாத ஒரு வார இறுதியில், நள்ளிரவில் பேருந்து கிடைக்காத பயணிகள் அதே முனையத்தில் மறியலில் உட்கார்ந்தார்கள். கட்டடம் பெரிதாகிவிட்டது, இரவு ஒரு மணிக்கு “அடுத்த வண்டி எப்போது” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த இடத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்பவருக்கு விடை நீளமானது. முனையம் சி.எம்.டி.ஏ.வுடையது. வண்டி போக்குவரத்துக் கழகங்களுடையது. சாலை தேசிய நெடுஞ்சாலை. நெரிசலைச் சீர்செய்வது 2022 ஜனவரி 1 அன்று தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பர் 3 அன்று உருவாக்கிய தாம்பரம் மாநகராட்சி, 70 வார்டுகளோடு பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை வரை வந்து நின்றுவிடுகிறது; திறப்பு விழா அன்று முனையம் இருந்தது ஊராட்சிப் பகுதியில். இவ்வளவு பேர் பொறுப்பாக இருக்கும் இடத்தில் யாரைத் தேடினாலும் பக்கத்து அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள்.

குடியிருப்போரைப் பொறுத்தவரை பொங்கல் என்பது ஒரு சாலையைக் கடக்கும் முயற்சி. கூட்டம் வழக்கமாகக் கார்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கும்: தாம்பரம், பெருங்களத்தூர் வழியைத் தவிர்த்து, திருப்போரூர், செங்கல்பட்டு வழியாகவோ வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியாகவோ போகவும். பெருங்களத்தூரில் வீடு இருப்பவர் பெருங்களத்தூரை எப்படித் தவிர்ப்பது என்பதற்கு வழிகாட்டுதல் இல்லை. பண்டிகைக்கு முந்தைய இரவு அங்கே சாலையோரம் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கட்டைப்பை, அட்டைப்பெட்டி, தோளில் தூங்கும் குழந்தை. வண்டி நிற்பதற்குள் படிக்கட்டில் தொங்கியபடி நடத்துநர் கத்துவார்: “திருச்சி மட்டும் ஏறு! விழுப்புரம், திண்டிவனம் பின்னாடி வண்டி!” பின்னாடி வண்டி எது என்று அவருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் ஆம்னி பேருந்துத் தரகர் வருவார்: “மதுரையா சார்? ஸ்லீப்பர் ஒண்ணு இருக்கு.” ஆம்னி பேருந்து ஒப்பந்த ஊர்தி என்பதால் அதற்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை. அதிகக் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை என்று ஆண்டுதோறும் எச்சரிப்பார்கள். எது அதிகம் என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது.

காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூட்டம் மொய்க்கும். பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்க, பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதி அவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். மொத்தப் பண்டிகை ஏற்பாட்டிலும் இதுதான் உருப்படியான யோசனை, செலவும் குறைவு. ஊரிலிருந்து திரும்புகிறவர்களுக்காகச் செய்ததில் இன்னொன்றையும் பாராட்டலாம். 2024 தீபாவளி முடிந்து தென்மாவட்டப் பேருந்துகள் வரிசையாக ஜி.எஸ்.டி. சாலையில் அடைந்தபோது, தெற்கு ரயில்வே காட்டாங்கொளத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு அதிகாலையில் சிறப்பு மின்சார ரயில்களை விட்டது. யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார்.

பண்டிகையைத் தனி நிர்வாகமாக நடத்துவது உலகத்துக்குப் புதிதன்று. சீனாவில் வசந்த விழாப் பயணக் காலம் என்றே 40 நாளை ஒதுக்கி ஏற்பாடு செய்கிறார்கள். உத்தரப் பிரதேசம் 2025 மகா கும்ப மேளாவுக்காக, 2024 டிசம்பரிலேயே மேளா நடக்கும் பகுதியைத் தற்காலிகமாக ஒரு தனி மாவட்டமாக அறிவித்து, அதற்கு ஆட்சியரையும் காவல் துறையையும் கொடுத்தது. அப்படியும் ஜனவரி 29 நெரிசலில் மக்கள் இறந்தார்கள். தனி மாவட்டம் அமைத்தவர்களுக்கே அந்த நிலை என்றால், செய்திக்குறிப்பு மட்டும் அமைப்பவர்கள் கொஞ்சம் பயப்படலாம்.

எனவே குடியிருப்போர் பணிவுடன் வேண்டுவது: அடுத்த கூட்டத்தை நவம்பரில், ரயில் முன்பதிவு முடிந்த மறுநாள் கூட்டலாம். செய்திக்குறிப்பில் பேருந்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஓட்டுநர், நடத்துநர் எண்ணிக்கையையும் அச்சிடலாம்; அவர்களில் எத்தனை பேருக்குப் பொங்கலன்று ஓய்வு என்பதையும் சேர்க்கலாம். ஆள் போதவில்லை என்றால், போதவில்லை என்றே ஒரு வரி எழுதிவிடலாம். சீட்டு கிடைக்காத பயணிக்கு அந்த வரி 21,904ஐவிடப் பயன்படும்.

இப்படிக்கு,
தாம்பரம் முதல் ஊரப்பாக்கம் வரை சாலையைக் கடக்கக் காத்திருப்போர்.

நகல்: நிதித் துறை – தேவையான நடவடிக்கைக்காக.