தெருமுனைக் கேரம் மன்றமும் வருமான வரிவிலக்கும்: ஓர் ஆய்வு

வடசென்னைத் தெருமுனைக் கேரம் மன்றம் ஒன்றின் அசையும் சொத்துகள்: பலகை ஒன்று, அதற்கு மேலே தொங்கும் பல்பு ஒன்று, காய்கள், ஸ்ட்ரைக்கர் இரண்டு, பவுடர் டப்பா, சந்தா நோட்டு. இத்தகைய மன்றம் வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாமா என்ற வினா, நோட்டில் 'மீதி' என ஒரு தொகை முதன்முறையாக எழுதப்படும் மாதத்தில் எழுகிறது. அதுவரை துண்டு விழுவதைப் பொருளாளர் கைக்காசு போட்டுச் சரிக்கட்டுவதால் வரி இயலுக்கு அங்கே வேலையில்லை.

பதிவு வேறு, விலக்கு வேறு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். நால்வர் ஆட மூவர் குறை சொல்ல என்று கணக்கிட்டால் எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வரிவிலக்குக்கு வருமான வரித்துறையிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நோக்கம் அறநோக்கம் என்று காட்டவும் வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு யோகாவைப் பெயர் சொல்லி ஏற்றது, கேரத்தை ஏற்கவில்லை. எனினும், விளையாட்டை வளர்ப்பதும் அறநோக்கமே என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1984இல் சுற்றறிக்கை விட்டது. உலகப் பட்டம் வென்ற மரிய இருதயமும் காசிமாவும் ஆடிப் பழகிய ஊரில் இவ்வாதம் எளிதில் தோற்காது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. அறத்தின் பயன் பொதுமக்களைச் சேர வேண்டும். அதாவது தெருவில் போகும் எந்தச் சிறுமியும் உள்ளே வந்து ஆட உட்காரலாம். தன் மூலையை எவருக்கும் விட்டுக்கொடுத்திராத மூத்த உறுப்பினரை எங்கே உட்காரவைப்பது என்பது பற்றிச் சுற்றறிக்கை மௌனம் சாதிக்கிறது. வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. பவுடர் ஐயமின்றி நோக்கச் செலவு. பஜ்ஜி ஆய்வுக்குரியது. வரித்துறையில் முதலில் கிடைப்பதோ தற்காலிகப் பதிவுதான். ரெட் போட்டவர் ஃபாலோவும் போட்டாக வேண்டும் என்பதுபோல, குறித்த காலத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால்தான் அது நிலைக்கும்.

இத்தனை பாடும் அநேகமாகத் தேவையே இல்லை. உறுப்பினர்கள் தமக்குள் திரட்டித் தமக்கே செலவிடும் பணம் வருமானம் ஆகாது என்ற பரஸ்பரக் கோட்பாட்டை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுள்ளன. சந்தா முழுதும் அதில் அடங்கும். வங்கி வட்டி அடங்காது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவுபெற்ற சங்கத்துக்குப் பழைய வரிமுறையிலேயே இரண்டரை லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. ஏழு விழுக்காடு வட்டியில் அந்த வரம்பைத் தாண்ட, மன்றம் 35 லட்சத்துக்கு மேல் வங்கியில் போட்டிருக்க வேண்டும். அவ்வளவு வைத்திருக்கும் மன்றம் முதலில் பல்பை மாற்றும்.

விலக்கு உண்மையில் பயன்படுவது வெளியார் பணம் வரும்போதுதான். போட்டி நடத்தப் பெருந்தொகை தரும் கொடையாளர் வரிக்கழிவு ரசீது கேட்பார். சமூகப் பொறுப்பு நிதி தரும் கம்பெனியும் பதிவெண் கேட்கும். அப்படி எவரும் கண்ணுக்குத் தெரியாத மன்றம் ஆடிட்டருக்குக் கட்டணம் அழுவது வீண்.

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் கலைப்பு விதியையும் வாசிப்பது நலம். விலக்குப் பெற்ற மன்றம் கலைந்தால் அதன் சொத்து அதுபோன்ற வேறோர் அற அமைப்புக்கே போக வேண்டும். பலகையை எந்த உறுப்பினரும் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. பவுடர் டப்பாவுக்கும் இதே விதிதான்.