ஓட்டை வச்ச படகு

வாய்யா பேராண்டி, வா. கார் மேல மஞ்சக் கலர்ல என்னத்தையோ கட்டிக்கிட்டு நீ தோப்பத் தாண்டும்போதே பாத்துட்டோம். ஒங்க பாட்டி, “பேரன் மாட்டுக்குத் தொட்டி வாங்கியாறான், பரவாயில்ல, பாசமுள்ள பய”ன்னு சொன்னா. நான்தான் அவளைச் சமாதானப்படுத்தி, அது படகுன்னு சொன்னேன். என்னது, கயாக்கா? சரி, கயாக்குன்னே வச்சுக்க.

எறக்கு, பாப்போம். அடடே, அடியில ஓட்டை இருக்கே! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் 60 வருசமா இந்தத் தொண்டிக் கடல்ல படகு வச்சுருந்தவன். வருசா வருசம் கரையேத்தி, இடுக்குல பஞ்சத் திணிச்சு, குங்கிலியத்தக் காய்ச்சி ஊத்தி ஓட்டை அடைக்கிறதே எங்க பொழப்பு. நீ காசு குடுத்து ஓட்டையோட வாங்கியாந்துருக்க. சிரிக்காதடா, வெவரம் எனக்கும் தெரியும். மேல உக்காந்து ஓட்டுற சாதி இது. அலை உள்ள அடிச்சாலும் அந்த ஓட்டை வழியா வடிஞ்சிரும். உள்ளுக்குள்ள காத்து அடைச்ச மூடுன கூடு, அதனால முங்காது. கத்துக்குட்டிக்கு இதுதான் தோது. காலை உள்ள விட்டு உக்காருற ரகம் கவுந்தா தண்ணி ரொம்பிக்கும், அப்புறம் நீ அதைக் காப்பாத்தணுமா, அது ஒன்னக் காப்பாத்தணுமான்னு பஞ்சாயத்து வைக்கணும்.

ஆனா அப்பு, தாலி கட்டிட்டுப் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வந்துருக்க பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பு. வாங்குறதுக்கு முன்னால இந்தா இருக்குற காரங்காட்டுக்குப் போயிருக்கலாம்ல? அங்க வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள கயாக்கு விடுறாங்க. ஜாக்கெட்டு மாட்டி, துடுப்பக் கையில குடுத்து, கூடவே ஆளும் வருவான். நாலு தடவை போயி, முதுகு வலிக்குதா, பயமா இருக்கா, கொக்குப் பாக்குறதுல ஆசையா, இல்ல போட்டோ எடுக்குறதுலதான் ஆசையான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கியிருக்கலாம். போட்டோவுக்குத்தான்னா எங்க கொட்டாயில கெடக்குற பழைய வத்தைப் படகே போதும். அதுல ஏறி நின்னுக்க, நான் எடுத்துத் தர்றேன்.

எங்கப்பன் எனக்கு முதல்ல குடுத்தது துடுப்பு இல்ல, தண்ணி எறைக்கிற டப்பா. ரெண்டு வருசம் பின்னால அமரத்துல குந்தி எறைச்சுக்கிட்டே இருந்தேன். எறைக்கிறவனுக்குத்தான் தெரியும், படகு எந்தப் பக்கம் சாயுது, அலை எங்க இருந்து ஏறுதுன்னு. அப்புறம்தான் பாய்மரப் போட்டியில ஏத்துனான். காத்து வலுத்தா படகுக்குக் குறுக்க போட்ட பலகையில போயி நிக்கணும். படகு ஒரு பக்கம் சாயும், நாம மறுபக்கம் கடலுக்கு மேல தொங்குவோம். ஒன்னைய மாதிரி ஆளுக ஒடம்பு எடைய ஜிம்முல கொறைக்கிறீக. நாங்க அதே எடைய வச்சுப் படகு ஓட்டுனோம்.

எடைன்னதும் நெனப்பு வருது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. சுற்றுலாப் படகு கவுந்து 45 பேர் போயிட்டாக. கரையில தெரிஞ்ச மிருகத்தப் பாக்க எல்லாரும் ஒரே பக்கம் எந்திரிச்சு ஓடுனாகன்னுதான் அப்பச் சொன்னாங்க. இதுல வெளையாட்டு கெடையாது, நல்லாக் கேட்டுக்க. படகுல ஏறும்போது நடுவுல கால வை, குனிஞ்சு வை, உக்காந்ததும் உக்காந்தபடி இரு. திமிங்கலமே வந்தாலும் கழுத்தத் திருப்பிப் பாரு, இடுப்பத் தூக்காத.

சரி, ஜாக்கெட்டு எங்க? அடுத்த மாசச் சம்பளத்துலயா? ஆனை வாங்குனவன் அங்குசம் வாங்க அழுத கதையா இருக்கு. இன்னைக்கே வாங்கு. பொங்கலுக்கு எடுத்த ஒன் சட்டை மாதிரி, வளர்ற பிள்ளைன்னு பெருசா எடுக்காத. மாட்டி, எல்லாக் கொக்கியும் பூட்டிட்டு, தோள்பட்டையப் பிடிச்சு என்னையத் தூக்கச் சொல்லு. காதுவரைக்கும் ஏறுச்சுன்னா அது தண்ணியிலயும் ஏறும், நீ கீழ உருவிக்கிட்டுப் போயிருவ. அதுல ஒரு விசிலையும் கட்டிக்க. கடல்ல கத்துனா காத்துதான் கேக்கும். அப்புறம் ஜாக்கெட்டச் சீட்டுக்கு அடியில வைக்கிறவன் இருக்கான் பாரு, அவன் குடைய மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு மழையில நடக்குறவன்.

நீச்சல் தெரியுமா? எந்தக் கொளத்துல? அபார்ட்மென்டு கொளத்துலயா! அடியில டைல்ஸ் தெரியும், ஓரத்துல புடிக்கக் கம்பி இருக்கும், இடுப்பளவு தண்ணி. நல்லது, நல்லது. கடலும் அப்பிடித்தான், கம்பியும் டைல்ஸும் மட்டும் கெடையாது.

அதனால நாளைக்குக் காலையில ஒனக்கு முதல் பாடம் ஓட்டுறது இல்ல, விழுறது. நெஞ்சளவு தண்ணியில வச்சு நீயாவே கவுக்கணும், பத்து தடவை. கவுந்த படகப் பொரட்டி, நடுவுல கையப் போட்டு, காலை ஒதைச்சு வயிறு மேல படுக்கணும். அப்புறம் உருண்டு உக்காரணும். கொடுவா மீன் மணல்ல துள்ளுற மாதிரிதான் இருக்கும், பாக்குறவுக சிரிப்பாக. சிரிக்கட்டும், நான்தான் முதல்ல சிரிப்பேன். பத்து தடவையும் ஏறுனாத்தான் ஆழத்துக்கு விடுவேன். ஏற முடியலைன்னா படகப் புடிச்சுக்கிட்டே கெட. ‘கரை இந்தாதானே இருக்கு’ன்னு நீந்தக் கெளம்பாத. தண்ணியில இருந்து பாத்தா கரை பக்கத்துலதான் தெரியும், நீந்த நீந்தத்தான் அது எம்புட்டுத் தூரம்னு தெரியும். தலை மட்டும் தெரியுற ஒன்னைய எவனும் பாக்க மாட்டான், மஞ்சத் தொட்டி தெரியும்.

துடுப்பக் கையால தள்ளாத, தோளத் திருப்பி இழு. இல்லாட்டி ஒரு மணி நேரத்துல கையத் தூக்க முடியாம, ஒங்க பாட்டிதான் ஒனக்குச் சோறு ஊட்டணும். இதை நாளைக்குக் காட்டுறேன், வாயால சொல்லி வராது.

காத்துக்கு வருவோம். இதுலதான் படிச்சவன் ஏமாறுவான். நம்ம கரை கெழக்கப் பாத்த கரை. ஆடியில மேக்க இருந்து கச்சான் காத்து அடிச்சா அது கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். அப்பக் கரையோரம் பாரு, தண்ணி தாம்பாளம் மாதிரி அலையில்லாம இருக்கும். நீ ‘ஆகா, ஏரி மாதிரி இருக்கே’ன்னு எறங்குவ. முதுகுல காத்து, துடுப்பே போட வேணாம், சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும். பெரிய ஓட்டக்காரன் ஆயிட்டோம்னு நெனைப்ப. திரும்பும்போதுதான் தெரியும், ஓட்டுனது நீ இல்லைன்னு. அதனால எப்பவும் காத்த எதுத்துக் கெளம்பு, சலிச்சுப் போனதும் காத்தே கொண்டாந்து கரையில விடும். கரையில இருந்து அடிக்கிற நாள்ல எறங்காத, வீட்டுல இருந்து பாட்டிக்கு வெங்காயம் உரி.

வாடை காலத்துல, அய்ப்பசி கார்த்திகையில, இந்த வடகடல் பேயாடும். அப்ப பாம்பனுக்கு அந்தாண்ட தென்கடல் சாது. கச்சான்ல அது ஆடும், இது அடங்கும். ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி, ஒண்ணு சிரிச்சா ஒண்ணு மொறைக்கும். ஆனா ரெண்டையும் சேக்குற பாம்பன் பாலத்துக்கு அடியில மட்டும் நீ போயிராத, அங்க ஓடுற நீரோட்டம் பெரிய படகையே திருப்பும். துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனாங்கன்னா 1-ஆம் நம்பர்தானேன்னு கணக்குப் பேசாத. நான் 17 வயசுல 1964-ஆம் வருச டிசம்பர்ப் புயலப் பாத்தவன். தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே அது விட்டு வைக்கல, ஒன் தொட்டிய என்ன செய்யும்னு நீயே யோசி.

கெழக்க ரொம்பப் போகாத. கடல்ல கோடு போட்டிருக்க மாட்டான், ஆனா எல்லை இருக்கு. பாஸ்போர்ட்டு இல்லாம வெளிநாடு போற ஒரே வழி நம்மூர்க்காரனுக்குத்தான் வாய்ச்சிருக்கு, அதுல எத்தனை பேர் செயிலுக்குப் போயித் திரும்புனாங்கன்னு ஒனக்குத் தெரியும். தென்கடல் பக்கம் போனா அங்க இருக்குற 21 தீவுலயும் கேக்காமக் கால் வைக்காத, அது தேசியப் பூங்கா.

இன்னொண்ணு. மெதக்குற தெர்மாக்கோல் துண்டு, பாட்டிலு, கொடிக்கம்பு தெரிஞ்சா அது குப்பை இல்ல, கீழ எவனோட நண்டு வலையோ இருக்கு. சுத்திப் போ. ஒனக்கு அது ஞாயித்துக்கிழமை, அவனுக்கு அது பள்ளிக்கூட பீஸு. விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். அந்த நாள்ல அதுக போற வழியில நிக்காத, மேல இருக்குறவனுக்கு ஒன்னையத் தெரியாது. தெரிஞ்சாலும் மாட்டுத்தொட்டின்னுதான் நெனைப்பான்.

செல்லு வச்சுருக்கியா? தண்ணி புகாத பையில போட்டு, கழுத்துல கட்டு. 1093 அடிச்சா கடலோரக் காவல் குழுமம், 1554 அடிச்சா கடலோரக் காவல் படை. ஆனா அதையும் விடப் பெருசு ஒண்ணு இருக்கு. கெளம்புறதுக்கு முன்னால கரையில ஒரு ஆளுகிட்ட, எங்க போற, எத்தனை மணிக்குத் திரும்புவன்னு சொல்லிட்டுப் போகணும். அந்த மணி தாண்டுனா அவுக ஆளத் தேட விடணும். எங்க காலத்துல அடுப்புல ஒலைய வச்சுட்டுக் கடலப் பாத்துக்கிட்டு இருந்தது ஒங்க பாட்டிதான்.

சரி, கடைக்குப் போயிட்டு வந்து சாப்பிட்டுப் படு. காலையில 5 மணிக்கு எழுப்புவேன். இது ரெட்டைச் சீட்டுன்னு போட்டிருக்கே, அப்ப முன்னால அணியத்துல யாரு உக்காருறதாம்? பேசாத, ஏற்பாடு ஆயிருச்சு. அந்தச் சொல்லிட்டுப் போறது இருக்குல்ல, அதைப் பாட்டிகிட்ட நீயே சொல்லிரு. மூணு வருசத்துக்கு முன்னால இனிமே கடல்ல கால் வைக்க மாட்டேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். ஆமா, ஜாக்கெட்டு ரெண்டா வாங்கு. எனக்குக் கொஞ்சம் பெரிய சைசு.