தலை போகிற விஷயமா?

(போன மாதம் "குழந்தையின் தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறதே" என்று வந்த கேள்வியை இடமில்லாமல் தள்ளி வைத்தோம். அதற்குள் ஆடுதுறையிலிருந்து அமெரிக்கா வரை பாட்டிகள் அணி திரண்டுவிட்டார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க மண்டைதான்.)

கே: மூன்று மாதப் பேரன். பிறந்தபோது எலுமிச்சம்பழம் மாதிரி இருந்த தலை, இப்போது வலது பக்கம் பின்னால் தட்டையாகிவிட்டது. என் பிள்ளைகள் நாலு பேருக்கும் இப்படி இல்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, அதுதானே?
– ஒரு மாமியார், பாபநாசம்

ப: மருமகளை விட்டுவிடுங்கள். காரணம், குழந்தை மல்லாந்து படுப்பது. அது தெரிந்தே நாம் ஏற்றுக்கொண்ட பக்க விளைவு. குப்புறத் தூங்கும் பச்சைக் குழந்தைகள் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவது அதிகம் என்று கண்டுபிடித்து, 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் "குப்புறப் போடாதீர்கள்" என்றது. 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் அங்கே நாடு முழுக்க நடந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சாவுகள் பாதிக்குப் பாதி குறைந்தன. கூடவே சப்பைத் தலைகள் பெருகின. கனடாவில் கால்கரி நகரத்தில் 7 முதல் 12 வாரம் வரையுள்ள 440 குழந்தைகளின் தலையைப் பார்த்தார்கள். 205 தலைகளில் ஏதோ ஒரு தட்டை இருந்தது. முக்கால்வாசிக்கு மேல் லேசானவை. அதிலும் வலது பக்கம்தான் அதிகம். உங்கள் பேரன் பெரும்பான்மைக் கட்சியில் இருக்கிறான்.

உங்கள் நாலு பிள்ளைகளின் பழைய போட்டோக்களையும் எடுத்துப் பாருங்கள். எல்லாமே முன்பக்கம் எடுத்ததாக இருக்கும்.

கே: சரி, அதென்ன எப்போதும் ஒரே பக்கம்?
– புது அப்பா, ஆடுதுறை

ப: பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. ஒரு வயதில் 46ஐத் தொடும். உள்ளே மூளை வளர்கிறது, மெல்லிய எலும்பு வழிவிட்டு விரிகிறது. மெத்தை தடுக்கும் இடத்தில் விரியாது, தடையில்லாத இடத்தில் விரியும். ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையானதும் தலைக்கு அது சௌகரியமான இருக்கையாகிவிடுகிறது. தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிற மாதிரி, தலையை நீங்கள் எப்படித் திருப்பினாலும் அது தட்டைப் பக்கத்துக்கே வந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். குழந்தை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கழுத்தைத் திருப்புகிறதா? ஒரு பக்கம் திரும்ப மறுத்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதற்குப் பிசியோதெரபி இருக்கிறது, சீக்கிரம் போனால் சீக்கிரம் சரியாகும். 'உரம் விழுந்திருக்கு' என்று யாரிடமோ கொடுத்து முறத்தில் உருட்ட வேண்டாம்.

கே: ஆன்லைனில் கடுகுத் தலையணை வாங்கியிருக்கிறோம். எத்தனை மாதம் வைக்கலாம்?
– கும்பகோணம் தம்பதி

ப: கடுகு தாளிப்பதற்கு. ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம்; மூச்சடைக்கும் ஆபத்து இருக்கிறது. தலையை உருண்டையாக்கும் என்று விற்கிற தலையணைகளை வாங்காதீர்கள் என்று 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது. சேலையைச் சும்மாடாகச் சுருட்டி அதில் தலையை வைக்கிற யோசனைக்கும் இதே பதில்.

கே: எங்கள் அம்மா குளிப்பாட்டும்போது மண்டையை உருட்டி, மூக்கை நீவி, நெற்றியை அமுக்கிச் 'சரி' செய்கிறார். வேண்டாம் என்றால் "உன்னையே நான்தான் உருட்டினேன்" என்கிறார்.
– பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர், திருவையாறு

ப: உங்களைப் பார்த்ததில்லை, ஆகவே அந்த வாதத்துக்குள் நான் வரவில்லை. ஆனால் தினம் இரண்டு நிமிட உருட்டலுக்கு எலும்பு அடங்காது. நாளெல்லாம் மெத்தை தரும் அழுத்தத்தின் முன்னால் அம்மாவின் உள்ளங்கை எம்மாத்திரம்? எண்ணெய் தேய்க்கட்டும், நீவட்டும். உச்சிக்குழியில் அமுக்க வேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

அதே குளியலில் அம்மாவுக்குத் தெரியாமலே ஒரு நல்ல வைத்தியம் நடக்கிறது. இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டு முதுகு தேய்க்கிறார் அல்லவா? அப்போது பின்மண்டை மேல் ஒரு கிராம் பாரம்கூட இல்லை. குழந்தை தலையைத் தூக்கப் பார்க்கிறது, கழுத்து வலுக்கிறது. விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள் என்று வெளிநாட்டு டாக்டர்கள் கெஞ்சுவது இதற்குத்தான். தவழாத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது இது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எழுதி வைத்தது. குளியலில் ஐந்து நிமிடம் கிடைக்கும். மிச்சத்தைப் பாயிலும் உங்கள் மார்மேலும் பிரித்துக்கொள்ளுங்கள். தூங்கிவிட்டால் மட்டும் மல்லாக்கத் திருப்பிவிட வேண்டும்.

அம்மாவிடம், "மண்டையை உருட்டாதே" என்பதற்குப் பதில் "இன்னும் கொஞ்ச நேரம் குப்புறப் போடும்மா" என்று சொல்லிப் பாருங்கள். சண்டை வராது.

கே: நடவுக்குப் போகும்போது வரப்போரத்து மரத்தில் தூளி கட்டித்தான் பிள்ளையைப் போடுகிறேன். தூளியில் படுத்தால் தலை சப்பையாகாது என்கிறார்கள், நிஜமா?
– திருத்துறைப்பூண்டிப் பக்கம்

ப: மெத்தையைவிடச் சேலை வளைந்து கொடுக்கும், வாஸ்தவம். ஆனால் உள்ளே பிள்ளை மல்லாந்துதான் கிடக்கிறது, திரும்பவும் இடமில்லை. அதைவிட முக்கியம், தூளியில் உடம்பு மடங்கி முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு சிரமப்படும். நாற்று முடியை வீசிக்கொண்டு நிற்கும் உங்களால் அதைப் பார்க்க முடியாது. யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இருக்கிறவர் தூளியை ஆட்டுவதைவிடத் தோளில் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. தோளில் இருக்கிற நேரமெல்லாம் தலைக்கு விடுமுறை. வீட்டில் படுக்கவைக்கும்போது ஒரு நாள் தலைமாட்டைக் கிழக்கே வையுங்கள், மறுநாள் மேற்கே. குழந்தை வாசல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திரும்பும். நாம் திசையை மாற்றினால் அது பக்கத்தை மாற்றும். புட்டிப்பால் என்றால் கையையும் மாற்றுங்கள். தாய்ப்பாலில் அது தானாக நடக்கிறது.

கே: டெக்சாஸில் மகள். ஐந்து மாதக் குழந்தைக்கு ஹெல்மெட் போடச் சொல்லிவிட்டாராம் டாக்டர். ராத்திரியும் கழற்றக் கூடாதாம். விலை ஆயிரக்கணக்கில் டாலர். ஏமாற்றுகிறார்களா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மன்னார்குடி

ப: ஏமாற்று இல்லை, சார். ஆனால் விவாதம் உண்டு.

அந்த ஹெல்மெட் தலையை நெருக்காது. புடைத்த இடத்தைத் தொட்டு நிற்கும், தட்டையான இடத்தில் இடைவெளி விடும். வளர்கிற தலை அந்த இடைவெளியை நிரப்பும். மண்டை வேகமாக வளரும் 4 முதல் 6 மாதத்தில் ஆரம்பித்தால்தான் முழுப் பிரயோஜனம். ஒரு வயதுக்கு மேல் போட்டால் அது தொப்பிதான். ஒரு நாளைக்கு 23 மணி நேரம். மிச்சமுள்ள ஒரு மணி நேரம் குளியலுக்கு.

1998இல் அமெரிக்க அரசு முதல்முதலாக இப்படியொரு சாதனத்துக்கு அனுமதி தந்தது. நெதர்லாந்தில் 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட் மாட்டினார்கள், மற்றவர்களைச் சும்மா விட்டார்கள். இரண்டு வயதில் அளந்தால் முழுக்கச் சரியானவர்கள் ஹெல்மெட் கோஷ்டியில் நூற்றுக்கு 26, சும்மா இருந்த கோஷ்டியில் 23. கிட்டத்தட்ட டிரா. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வந்தது. ஆனால் மிக மோசமான சப்பைத் தலைகளையும் கழுத்து இறுகிய குழந்தைகளையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களோ 2016இல், படுக்கை மாற்றியும் பயிற்சி கொடுத்தும் குறையாத நடுத்தர, கடுமையான தட்டைக்கு ஹெல்மெட் போடலாம் என்றே பரிந்துரைத்தார்கள். ஆகவே மகள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: தட்டை எந்த அளவு? பக்கம் மாற்றிப் படுக்கவைத்துப் பார்த்தாயிற்றா?

நெதர்லாந்து ஆய்வில் வேர்வை, நாற்றம், தோல் அரிப்பு எல்லாம் வந்தன. என் கண்ணை நிறுத்தியது வேறு எண்: குழந்தையை ஆசையாகக் கட்டிக்கொள்ள முடியவில்லை என்று சொன்ன பெற்றோர் நூற்றுக்கு 77.

கே: அந்த ஹெல்மெட் இங்கே கிடைக்குமா?
– அவசரக்காரர், பட்டுக்கோட்டை

ப: பெருநகரங்களில் செய்து தருகிறார்கள். தலை வளர வளர அதைச் சரிசெய்ய நீங்களும் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். 23 மணி நேர ஹெல்மெட்டை நம் ஊர்க் கத்திரி வெயிலோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். குழந்தை நல மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் நீங்களாக இறங்க வேண்டாம்.

கே: எப்போது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.
– கிராம சுகாதாரச் செவிலியர், ஒரத்தநாடு

ப: உங்களுக்குத் தெரியாததா! மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படுத்துப் படுத்து வந்த தட்டை, பிறந்த சில வாரத்தில் தலைகாட்டும். உச்சியிலிருந்து பார்த்தால் தட்டைப் பக்கத்துக் காதும் நெற்றியும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். குழந்தை உட்கார ஆரம்பித்ததும் மெல்லக் குறையும். பிறவியிலேயே கோணல், எலும்பு சேரும் கோட்டில் வரப்பு மாதிரி தடிப்பு, உச்சிக்குழி மிகச் சீக்கிரம் மூடுவது, தலைச் சுற்றளவு வளராமல் நிற்பது – இவை வேறு கதை. மண்டை எலும்புகள் நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. அதற்கு அறுவை சிகிச்சைதான். சின்ன வெட்டில் முடிக்கும் முறையில், சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் ஹெல்மெட் உண்டு. அங்கே இவ்வளவு விவாதமில்லை.

சந்தேகம் வந்தால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். மூன்று மாதத்தில் காட்டினால் நல்லது. மொட்டை அடிக்கும்போதுதான் தெரிந்தது என்று ஒன்பதாம் மாதம் வருகிறவர்கள் ஏராளம்.

கே: தலை சப்பையானால் மூளை நசுங்குமா? கலெக்டர் ஆக்க ஆசைப்பட்டோம்.
– நாச்சியார்கோவில்

ப: நசுங்காது. இடம் குறையவில்லை, வடிவம்தான் மாறுகிறது. சப்பைத் தலைக் குழந்தைகளில் சிலர் தவழ, நடக்கச் சற்றுத் தாமதிப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் தலையால் தாமதமா, அசைவு குறைந்த குழந்தை ஒரே பக்கம் கிடந்ததால் தலை அப்படி ஆனதா என்பது வேறு கேள்வி. தாமதம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கலெக்டர் விஷயம் தேர்வாணையத்தின் கையில்.

கே: பெண் குழந்தை. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்...
– கவலைப்படும் அத்தை, மாயவரம்

ப: பின்மண்டையை அளக்க இஞ்ச் டேப்போடு வருகிற வீட்டுக்குப் பெண் கொடுக்காதீர்கள்.

கே: தலை வடிவத்துக்காக மூன்று டாக்டரைப் பார்த்த என் தம்பி, பதினோரு மாதக் குழந்தையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துப் பெரிய கோவில் வரை ஓட்டுகிறான். அவனுக்கு ஏதாவது சொல்லுங்கள்.
– அக்கா, கரந்தை

ப: 2022இல் திருத்திய மோட்டார் வாகன விதியைச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை, இரு சக்கர வண்டியில் குழந்தைக்கும் அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். ஓட்டுகிறவரோடு இணைக்கிற பெல்ட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் கூடாது. சப்பைத் தலைக்குப் போடுகிற ஹெல்மெட் இதில் சேராது. இந்த ஹெல்மெட்டுக்கு எந்த டாக்டரின் சீட்டும் தேவையில்லை, இன்று சாயங்காலமே வாங்கலாம்.