மருமவனுக்கு ஒரு மெஷின்

வஞ்சியூர் கோர்ட்டு பக்கத்துல ஆபீஸ் போடப்போறேன்னு சொன்னே. சந்தோஷம் மருமவனே. கறுப்புக் கோட்டு தைச்சாச்சு, போர்டும் எழுதக் கொடுத்தாச்சு. கட்சிக்காரன் மட்டுந்தான் இன்னும் வரல்ல. அதுக்குள்ள ஜெராக்ஸ் மெஷினை விலைக்கு வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா, லீஸுக்கு எடுக்கவான்னு மாமங்கிட்ட கேக்கே. மாமன் சொத்து மருமவனுக்குன்னு இருந்த காலத்தை 1926-லேயே திருவிதாங்கூர் சர்க்கார் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் போட்டு முடிச்சு வச்சாச்சு. அதனால காசு கேக்காதே. புத்தி வேணும்னா தாரேன், அதுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

விலைக்கே வாங்கிப்போடேன், என்ன குறைச்சல்? பெருசா, கலர்ல, நிமிஷத்துக்கு 40 பக்கம் தள்ளுறதா வாங்கு. வாரத்துக்கு நாலு வக்காலத்து எடுக்க அதுகூட இல்லாம முடியுமா! எடவப்பாதி மழை பிடிச்சா திருவனந்தபுரத்துல பேப்பர் ஈரம் குடிச்சு நமுத்துப்போகும். மெஷின் இழுக்கும், சுருட்டும், நடுவயித்துல நிறுத்தும். நீ பக்கக் கதவைத் திறந்து, லீவரைத் தாழ்த்தி, கசங்கின தாளைக் கிழியாம உருவணும். ஒரு துண்டு உள்ளே நின்னுட்டா அன்னைக்கு மெஷினுக்கு வாய்தா. உன் விரலெல்லாம் டோனர் கரி. துலாம் மாசத்து மத்தியான இடி ஒண்ணு இறங்கினா மெஷினோட சர்க்யூட் போர்டு போச்சு. வருஷப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் போட்ட ஏஎம்சிக்காரனைக் கூப்பிட்டா, "டிரம்மும் ஃபியூசரும் ஏஎம்சில வராது சாரே"ம்பான். கார்ட்ரிட்ஜ் பெட்டியில 2,000 பக்கம்னு போட்டிருக்கும். தாள்ல நூத்துக்கு அஞ்சு பங்குதான் மை படும்னு வச்சுப் போட்ட கணக்கு அது. உன் மனுவோ விளிம்பு வரைக்கும் எழுத்து.

வாடகைன்னு பாத்தா, அது இந்த மெஷினோட கூடப் பிறந்த வியாபாரம். 1959-ல அமெரிக்காவுல ஜெராக்ஸ் 914 வந்தப்போ விலைக்கு 29,500 டாலர். எவன் வாங்குவான்? மாசம் 95 டாலருக்கு வாடகைக்கு விட்டான். 2,000 காப்பி சும்மா, அதுக்கு மேல தாளுக்கு இத்தனை சென்ட்டுன்னு எண்ண உள்ளே ஒரு மீட்டர். சும்மா கிடைச்சா மனுசன் விடுவானா? எடுத்துத் தள்ளினான், கம்பெனி கொழுத்துது. அந்த மெஷின்ல சில நேரம் தாள் தீப்பிடிக்கும். அதுக்காகத் தீயணைப்பானையும் கூடவே கொடுத்து, 'கருகல் நீக்கி'ன்னு நாகரிகமா ஒரு பேரும் வச்சான். ஏமாத்துன்னு சொல்லாதே, ரசிகன்!

நம்ம ஊரு வாடகைக்காரன் கையிலயும் அதே மீட்டர்தான். கணக்குக்கு வச்சுக்கோ: மாசம் 3,000 ரூபா, 5,000 காப்பி வரைக்கும். 5,000-மும் எடுத்தா காப்பிக்கு 60 காசு. நீ எடுக்கது 500-ன்னா காப்பி 6 ரூபா. பேப்பர் காசு வேற. கோர்ட்டு வாசல் கடைக்காரன் அதைவிடக் குறைச்சலா எடுத்து, ஸ்டேப்பிளும் அடிச்சுத் தருவான். மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. வக்கீல் ஃபீஸுக்கான வரியைக் கம்பெனிக் கட்சிக்காரனே நேரா கட்டுறதால, அந்த 18 உனக்குத் திரும்பி வராது. விலைக்கு வாங்கினாலும் அதே கதிதான்.

வாடகை மெஷின் பளபளன்னு இருந்தா மயங்காதே. வெளிநாட்டு ஆபீஸ்ல உழைச்சு ஓஞ்சு கப்பலேறி வந்ததும் அதில உண்டு. பழைய ஜெராக்ஸ் மெஷின் இறக்குமதிக்காகக் கொச்சி கஸ்டம்ஸோட நடந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2009-ல தீர்ப்பே வந்திருக்கு. படிக்கலேன்னா இப்போ படி, நேரந்தான் நிறைய இருக்கே. மீட்டர் எத்தனை லட்சத்துல நிக்குன்னு பாத்து எழுதி வாங்கு.

லீஸ் இருக்கே, அது வயல் பாட்டம். மழை பெய்ஞ்சாலும் பெய்யாட்டாலும் அளந்துதான் ஆகணும். அஞ்சு வருஷம்னு கையெழுத்துப் போட்டா, நடுவுல திருப்பிக் கொடுத்தாலும் மிச்ச மாசக் காசைக் கேப்பான். அஞ்சு வருஷத்துல உன் கோர்ட்டு எங்க நிக்கும்? கேரளத்துல இ-ஃபைலிங் விதி 2021-லேயே வந்தாச்சு. கொல்லத்துல 2024 நவம்பர்ல இருந்து செக் கேஸுக்கு 24 மணி நேர ஆன்லைன் கோர்ட்டு நடக்கு. அங்க காகிதக் கட்டுக்கு வேலையில்ல. ஆனாலும் நம்ம ஆளுகளுக்கு, கம்ப்யூட்டர்ல அனுப்பினதையும் ஒரு காப்பி எடுத்து மடியில வச்சாத்தான் தூக்கம் வரும்.

இப்போதைக்கு ஒரு நோட்டு மட்டும் வாங்கு. எடுக்க காப்பியெல்லாம் மூணு மாசம் அதில எழுது. 500, 600-ல நின்னா சின்னதா ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டரை விலைக்கே வாங்கு. 4,000, 5,000-ன்னு ஏறினா வாடகைக்காரனை வரச்சொல்லு. டிரம், டோனர், ரிப்பேருக்கு ஆள் வார செலவு எல்லாம் அவன் தலையில இருக்கணும். ஒரு மாச நோட்டீஸ்ல விட்டுப்போற வழியும் எழுத்துல இருக்கணும். லீஸ்காரன் வந்தா ஒரு சாயா வாங்கிக்கொடுத்து அனுப்பிவை, கையெழுத்து மட்டும் போடாதே.