கஷ்டம் தயாரிக்கும் உத்தியோகம்

மனிதன் பொறிகளைக் கண்டுபிடித்தது கஷ்டத்தைக் குறைக்க. நான் பொறி செய்வது கஷ்டத்தை அளந்து கொடுக்க. அதுவும் சம்பளமில்லாமல். மைன்கிராப்ட் விளையாட்டுக்குள் நீராவி எஞ்சின், மின்கம்பி, கல்லரைக்கும் பொறி எல்லாவற்றையும் கொண்டுவருகிற ஒரு மொட் (விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரல்) என் பராமரிப்பில் இருக்கிறது.

"மகன் கொம்பியூட்டர்ல எஞ்சின் செய்றார்" என்று அம்மா அயலில் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் ஊரான கடுகண்ணாவையில் எஞ்சின் என்றால் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 2014-இல் திறந்த தேசிய ரயில் நூதனசாலையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டதாக ஊர் நம்பியது. ஒரு கல்யாணப் பேச்சுகூட வந்தது. பென்சன் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

இந்த வேலையில் பெரிய தலையிடி, 'பலன்ஸ்' பண்ணுவது, அதாவது கஷ்டத்தைச் சரியான அளவில் வைப்பது. மூல விளையாட்டே இதில் அவ்வளவு யோக்கியம் இல்லை. மரக்கட்டையை உலையில் இட்டால் கரி. ஒரு கரித்துண்டு எட்டுக் கட்டைகளை எரித்து எட்டுக் கரியாக்கும். ஒன்று போட்டு எட்டு எடுக்கும் இந்த வியாபாரத்தை வெளியே யாராவது நடத்தினால் பொலிஸ் வரும். பிறகு இண்டஸ்ட்ரியல்கிராப்ட் என்ற மொட் ஒரு பொறியைக் கொண்டுவந்தது. ஒரு தாதுக்கல்லை அரைத்தால் இரண்டு பங்கு தூள். அன்றோடு உலகம் கெட்டது. இரட்டிப்பு இல்லாத மொட்டை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தவர் மூன்று தந்தார், அதற்கடுத்தவர் நான்கு. கிரெக்டெக் மொட் மட்டும் எதிர்த்திசையில் போனது. ஒரு கட்டைக்கு நான்கு பலகை கிடைத்த இடத்தில் இரண்டுதான் என்று வெட்டியது. திட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கஷ்டத்துக்காகவே அதை விட்டுப் போகாதவர்களும் உண்டு.

நமக்கோ இரண்டு கட்சியும் ஒரே நாளில் வரும். "இந்த எஞ்சின் நிலக்கரியை அள்ளித் தின்னுது மாமா, குறைங்க" என்பான் அக்காவின் மகன். அவனுடைய வகுப்புத் தோழன், "ரொம்ப லேசு அங்கிள், போரடிக்குது" என்பான். இருவரும் சொல்வது ஒரே எஞ்சினைத்தான்.

போதாததற்கு மூல விளையாட்டு சும்மா இருப்பதில்லை. 2018-இல் 1.13 பதிப்பு வந்து பொருட்களின் இலக்கங்களை ஒழித்தது. எல்லாவற்றையும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டியதாயிற்று. விளையாட்டை ஓட்டும் ஜாவாவும் மாறிக்கொண்டே வந்தது: 1.17-க்கு ஜாவா 16, 1.18-க்கு ஜாவா 17, 1.20.5-க்கு ஜாவா 21. 2021-இல் விளையாட்டே தனக்கென்று செப்பைக் கொண்டுவந்தது. மொட்காரர்கள் நாங்கள் பல வருஷமாகச் சொந்தமாகச் செப்பு வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரே பெட்டியில் இரண்டு சாதிச் செப்பு, ஒன்றோடொன்று ஒட்டாது. இப்போது ஒரு செப்புக் கல்லை உடைத்தால் இரண்டு முதல் ஐந்து துண்டு விழுகிறது. ஐந்தையும் என் பொறியில் போட்டால் பத்து. மருமகனின் ஆட்டுப்பட்டிக்கும் செப்புக் கூரை.

2022-இல், நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த காலத்தில், அவன் ஒரு யோசனை சொன்னான்: "மாமா, மின்வெட்டும் வைங்க. அப்பதான் உண்மை மாதிரி இருக்கும்." மறுத்துவிட்டேன். கஷ்டத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அந்த அளவைக் காட்டித் தந்தவர், நீராவிக் காலத்தில் பயர்மேனாக இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர். மொட்டில் நான் செய்த கோச்சி பத்துப் பெட்டியோடு மலை ஏறுவதைத் திரையில் பார்த்தார்.

"தம்பி, தண்ணி எங்க பிடிக்கிறீங்க?"

"ஒரு வாளி ஊத்தினா போதும் ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "சரி, பின்னால யார் தள்ளுறது?"

மைன்கிராப்ட் தண்டவாளம் ஓரடி போனால் ஓரடி ஏறும். கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடி போனால்தான் ஓரடி. அதற்கே றம்புக்கணையில் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 1867-இல் கண்டிக்கு ரயில் கொண்டுவந்த வெள்ளைக்காரனுக்கு, கோப்பைத் திறந்து மலையின் இலக்கத்தை மாற்ற வழியில்லை. வளைத்து வளைத்துத்தான் பாதை போட்டான். எனக்கோ ஒரு இலக்கத்தை அழித்தால் மலையே இல்லை.

அடுத்த பதிப்பில் ஒரு சட்டம் வைத்தேன். ஏற்றத்தில் நான்கு பெட்டிக்கு மேல் என்றால் பின்னால் ஒரு எஞ்சின் தள்ள வேண்டும், அதை இன்னொரு ஆள் ஓட்ட வேண்டும். வாளித் தண்ணியும் செல்லாது. பொடியன்கள் முதலில் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு யார் பின்னால் தள்ளுவது என்று சண்டை தொடங்கியது. முன் எஞ்சின் ஒரு விசில், பின் எஞ்சின் பதிலுக்கு ஒரு விசில். லேசு என்று அலுத்தவனும் கஷ்டம் என்று அழுதவனும் ஒரே கோச்சியின் இரண்டு முனையில். நிலக்கரிக் கணக்கைப் பற்றி இப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. தனியாக முடியாத அளவுக்குக் கஷ்டம், இருவர் சேர்ந்தால் முடிகிற அளவுக்கு லேசு. நான் இவ்வளவு காலமும் தேடிய இலக்கம் அதுதான்.

தனியாக விளையாடுகிறவர்களுக்காகச் சட்டத்தை நிறுத்தி வைக்கும் வசதியும் கொடுத்திருக்கிறேன். அதுவும் போதாமல் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: ஏற்றமே இல்லாமல் தண்டவாளம் போட ஏதாவது வழி உண்டா?

உண்டு. கொழும்பில் போய் இருக்கலாம்.