பீடித்தூளும் கண்ணாடி மருந்தும்

பெரியப்பா ஓட்டிய பஸ்ஸில் வைப்பர் ஒன்றுதான், அதுவும் டிரைவர் பக்கத்துக்கு மட்டும். முன்கண்ணாடி இப்போது வருவது போல ஒரே வளைந்த கண்ணாடி இல்லை. நடுவில் ஒரு சட்டம், இரு பக்கமும் தட்டையான இரண்டு கண்ணாடிகள், கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். டிரைவர் முன்னால் இருப்பதற்கு மேல்விளிம்பில் கீல் உண்டு. கீழே இருந்து வெளியே தள்ளித் திறக்கலாம். திருநெல்வேலி ஜங்ஷனில் கிளம்பி பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை ஒட்டியே போய்ப் பாபநாசத்தில் நிற்கும் தனியார் பஸ். எழுபதுகளில் தீபாவளிக்கும் அரைப்பரீட்சைக்கும் லீவு விட்டால் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் நிச்சயம். இரண்டு லீவும் அடைமழைக் காலத்தில் வருபவை. அதனால் மழையில் பஸ் ஓட்டுவது எப்படி என்பதை மிதிக்க எட்டாத வயசிலேயே பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன்.

மழை பிடித்துவிட்டால் அந்த ஒற்றை வைப்பர் பத்தாது. லாரிப் புகையும் தூசியும் கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். வைப்பர் வழித்த மறுநொடியே தண்ணீர் அதன்மேல் கோணல்மாணலாகத் திட்டுத்திட்டாக நிற்கும். எதிரே வருவது மாட்டுவண்டியா, குடை பிடித்த ஆளா என்று தெரியாது. பெரியப்பா பஸ்ஸை ஓரங்கட்டிவிடுவார். பத்தமடையோ வீரவநல்லூரோ, ரோட்டோரத் திண்ணையில் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண் ஒருத்தியாவது இருப்பாள்.

“ஏல, அந்த அக்காட்ட கொஞ்சம் தூள் கேட்டு வாங்கிட்டு வா” என்று கண்டக்டரை அனுப்புவார்.

அந்தத் தூளுக்குக் கணக்கு உண்டு. பீடிக் கம்பெனியில் இலையையும் தூளையும் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். இவ்வளவுக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அப்படியிருந்தும் இல்லை என்று சொன்ன ஒருத்தரை நான் பார்த்ததில்லை. “கண்ணு தெரியாம ஓட்டாதீங்க அண்ணாச்சி, புள்ளைக உக்காந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஓர் அக்கா சொளவிலிருந்து அள்ளித் தந்தாள். அன்று அவள் எத்தனை பீடிக்கான தூளை எங்களுக்காக விட்டுக்கொடுத்தாள் என்று பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாதையில் மழைநாளில் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அந்தத் திண்ணைகளுக்குக் கடன்பட்டவர்கள்.

பெரியப்பா தூளைத் துண்டின் நுனியில் முடிந்து, மழையில் நனைத்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்ப்பார். முதலில் பழுப்பாக வடியும்; நெடி மூக்கில் ஏறும். மழை அதைக் கழுவிவிட்ட பிறகு பார்த்தால் கண்ணாடியில் துளி என்பதே இருக்காது. தண்ணீர் ஒரே விரிப்பாக வழுக்கி இறங்கும், அதற்கு அப்பால் ரோடு துல்லியமாகத் தெரியும். கொஞ்ச நேரத்துக்குத்தான். அம்பாசமுத்திரம் ஸ்டாண்டில் மறுபடி ஒரு தேய்ப்பு. தூள் கிடைக்காத நாளில் பீடியையே பிரித்துத் தேய்ப்பார். வேறு டிரைவர்கள் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டித் தேய்த்ததையும் பார்த்திருக்கிறேன். எதுவும் உதவாத பேய்மழை என்றால் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, முகத்தில் சாரல் அறைய அறைய மெதுவாக ஓட்டுவார். அதுவும் முடியாவிட்டால் பஸ் நின்றுவிடும்.

இது ஏன் பலித்தது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். சுத்தமான கண்ணாடி தண்ணீரை இழுக்கும் இயல்புடையது. அதன் மேற்பரப்பில் சிலிக்கானோடு பிணைந்த ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். துளி நிமிர்ந்து நிற்காமல் பரந்து படுத்துவிடும். துளியின் விளிம்பு கண்ணாடியைத் தொடும் கோணம் 30 பாகைக்கும் கீழே இருக்கும். எண்ணெய் படிந்தால் ஓரிடத்தில் பிடிக்கும், பக்கத்தில் பிடிக்காது. பார்வை கெடுவது அதனால்தான். தூளின் சொரசொரப்பு எண்ணெயைச் சுரண்டி எடுத்தது. புகையிலையிலிருந்து கசிந்த, நீரில் கரையும் சத்து கண்ணாடியில் ஒட்டித் தண்ணீரைப் பரப்பியது. கிழங்கில் மாவுச்சத்து அதே வேலையைச் செய்தது.

பெரியப்பாவின் பேரன் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு தினமும் காரில் வேலைக்குப் போய்வருகிறான். என்னைச் சித்தப்பா என்பான். அவன் கண்ணாடியில் தடவுவது இதற்கு நேர் எதிரான மருந்து. தாத்தா தண்ணீரைக் கண்ணாடியோடு ஒட்டவைத்தார். பேரன் ஒட்டாமல் விரட்டுகிறான். பாளையங்கோட்டையில் காருக்குக் கோட்டிங் போடும் கடையில் அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் சோப்புக் கழுவல். பிறகு சீரியம் ஆக்ஸைடு கலந்த பசையால் பாலிஷ், எண்ணெயும் உப்புக்கறையும் போக. அதன்பின் ஆல்கஹால் தோய்த்த துணியால் ஒரு துடைப்பு. கடைசியில்தான் மருந்து. கடைப் பையன் ஒரு பஞ்சுத் துண்டில் சில சொட்டு விட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தான். கண்ணாடி மங்கலாகப் பனி மூடியது. கொஞ்சம் பொறுத்து மைக்ரோபைபர் துணியால் அதைத் துடைத்தெடுத்தான். “ஊத்திப் பாருங்க அண்ணாச்சி” என்று தண்ணீர்க் குவளையை நீட்டினான். ஊற்றினேன். தண்ணீர் உருண்டு திரண்டு, ஒரு தடமும் வைக்காமல் ஓடிப்போனது. பார்க்க அவ்வளவு அழகு.

மருந்தில் இருப்பது சிலிக்கோன் வகைச் சங்கிலி மூலக்கூறு. சிலவற்றில் புளோரின் கலந்தது. அதன் ஒரு முனை கண்ணாடியின் முனைகளோடு வேதிப்பிணைப்பாகச் சேர்ந்துகொள்கிறது, வெளியே நீட்டியிருக்கும் மறுபக்கம் தண்ணீரை அண்டவிடுவதில்லை. கோணம் 110 பாகை அளவுக்கு உயர்கிறது. ஆற்றுப் பாசனக் குளங்களில் வளரும் தாமரையின் இலையில் அது 150 பாகையைத் தாண்டும். அந்த இலை மெழுகால் மட்டும் அதைச் சாதிக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளும் சேர்ந்துதான் என்பதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹூயிஸும் 1997இல் விரிவாக எழுதினார்கள். கார் கண்ணாடியில் அத்தகைய மேடுகளை வைத்தால் வைப்பர் தேய்த்துவிடும். அதனால் 110தான் நமக்குக் கிடைப்பது.

இந்த மருந்துக்கு வேகம் வேண்டும். இதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இந்த வகைத் திரவங்கள் முதலில் ஜெட் விமானங்களில் பெயர் வாங்கின. போயிங் விமானங்களில் மழைக்குள் இறங்கும்போது பைலட் பொத்தானை அழுத்தினால் மருந்து கண்ணாடியில் பீய்ச்சும். எதிர்க்காற்று துளிகளை அள்ளிக்கொண்டு போகும். அதில் கலந்திருந்த குளோரோபுளோரோகார்பன் ஓசோனைக் கெடுக்கும் என்று 1990களில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். காருக்கான மருந்தை அமெரிக்காவில் ஹோவர்ட் ஓல்ஹாசனின் நிறுவனம் 1972இல் ‘ரெயின்-எக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரிலும் துளியைத் தள்ளுவது காற்றுதான். மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிப் போனால் துளிகள் சரிந்த கண்ணாடியில் மேல்நோக்கி ஓடத் தொடங்கும். வேகம் கூடக் கூட வைப்பரே தேவைப்படாது. தூத்துக்குடி நாற்கர சாலையில் பேரனோடு போனபோது அதைப் பார்த்தேன். வல்லநாட்டை நெருங்கும்போது நல்ல மழை. வைப்பர் படுத்தே இருந்தது. துளிகள் வரிசை வரிசையாக மேலே ஏறிப் பறந்தன. பெரியப்பா பார்த்திருந்தால் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

அதே கார், அதே மழை, இரவு எட்டு மணிக்கு வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தில் ஏறியது. 1843இல் திறந்த பாலம். மழைநாள் ராத்திரியில் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பத்து கிலோமீட்டர் வேகத்தில் துளியைத் தள்ளக் காற்று ஏது? முத்துமுத்தாக அப்படியே நின்றன. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக எரிந்தது. நூற்றுக்கணக்கான விளக்குகள், அவற்றுக்கு நடுவே சைக்கிளில் போன ஒருவரைக் கண்டுபிடிக்க நான் முன்னால் குனிந்து தேட வேண்டியிருந்தது. “வைப்பரைப் போடுல” என்றேன். போட்டான். மருந்து போட்ட கண்ணாடியில் ரப்பர் சீராக வழுக்காமல் தடதடவென்று துள்ளியது. சரியாகத் துடைத்தெடுக்காத மருந்து இப்படித்தான் செய்யும்.

குற்றாலச் சாரலில் இன்னும் மோசம். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைந்து செங்கோட்டை, தென்காசி, கடையம், பாபநாசம் பக்கமெல்லாம் ஆனியிலும் ஆடியிலும் மாவு போலத் தூவும். அந்தத் துளிகள் அத்தனை பொடிசு. எடை இல்லாததால் தானாக வழியாது. பரப்பு இல்லாததால் காற்றும் பிடித்துத் தள்ளாது. நாலைந்து துளி சேர்ந்து பெரிதாகும்வரை மருந்துக் கண்ணாடியில் பால் பூசினாற்போல் நிற்கும். சாரல் பருவத்துக்கு ஏற்றது தண்ணீரைப் பரப்பும் கண்ணாடிதான். பெரியப்பாவின் தூள் வைத்தியம் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வளைந்து வளைந்து போகும் ஆற்றங்கரை ரோட்டுக்குப் பொருந்தியது; பேரனின் மருந்து நாற்கர சாலைக்குப் பொருந்துகிறது. இரண்டில் ஒன்றைப் பழசு என்றும் மற்றதை முன்னேற்றம் என்றும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மருந்தின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிசானப் பயிர் நிற்கும் மாதங்களில் வயலோர ரோட்டில் இரவில் போனால் விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி மொய்த்து வந்து கண்ணாடியில் அறைந்து அப்பிக்கொள்ளும். வைப்பர் போட்டால் நிணம் முழுக்க இழுவிவிடும், ரோடே மறைந்துவிடும். மருந்து போட்டிருந்தால் தண்ணீர் அடித்த மாத்திரத்தில் முக்கால்வாசி கழன்றுவிடுகிறது. சங்கர்நகர் சிமெண்ட் ஆலைப் பக்கம் போய்வரும் வண்டிகளுக்கும் கழுவுவது சுலபம். ஆனால் உப்புத் தண்ணீர் வரும் போரில் காரைக் கழுவிவிட்டு வெயிலில் விட்டால், உருண்டு நின்ற ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப்போகும். உடனே துடைத்துவிட வேண்டும். உள்பக்கம் ஆவி படிவதற்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை, அதற்கு ஏசிதான்.

வைப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெட்ரோல் வண்டிகள் சிலவற்றில் வைப்பரை இன்ஜினின் உறிஞ்சு விசையே ஆட்டியது. மேட்டில் ஏற ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விசை குறைந்து வைப்பர் படுத்துவிடும். மலைப்பாதையில் மழை பெய்யும்போது அது எத்தனை கொடுமை! மின்மோட்டார் வந்துதான் அது ஒழிந்தது. நம் நாட்டில் அந்த மோட்டார்களைச் செய்த லூகாஸ்-டிவிஎஸ் 1961இல் தொடங்கிய நிறுவனம்; அதன் பெயரில் இருக்கும் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதில் எங்கள் ஜில்லாக்காரனாக எனக்குப் பெருமை.

2023 டிசம்பர் 17ஆம் தேதி பேரன் தூத்துக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது அந்த இரவில்தான். அவன் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒதுக்கிவிட்டுப் போன் செய்தான். “கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு சித்தப்பா. முன்னால ரோடுதான் இல்ல” என்றான். கண்ணாடியில் இருக்கும் தண்ணீரை விரட்டலாம். காருக்கும் ரோட்டுக்கும் நடுவே சுவராக இறங்கும் தண்ணீரை எந்த மருந்தும் விரட்டாது. “நின்னது நல்லது, விடியுறவரைக்கும் அங்கேயே இரு” என்றேன். வைப்பர் தேவைப்படாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்த நாட்களில் அவன் ஓட்டிய வேகம் எனக்குத் தெரியும். அன்று நிற்கத் தோன்றியதே என்று நெஞ்சு ஆறியது. அந்தப் புத்தியை எந்தக் குப்பியும் தராது. தாத்தாவின் பேரனுக்கு அது இருந்தது.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவன் வண்டிக்கு ஐப்பசிக்கு முன்னால் மருந்து. வைப்பர் தேய்ப்பதில் சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதால் கார்த்திகைக்குள் இன்னொரு முறை. அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் மட்டுமே போகும் என் வண்டிக்கு மருந்து கிடையாது. பாத்திரம் துலக்கும் திரவத்தால் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் போனதா என்று ஒரு செம்புத் தண்ணீரை மேலே இருந்து ஊற்றிப் பார்க்கிறேன். எங்கும் உடையாமல் ஒரே விரிப்பாக இறங்கினால் போதும், தூள் கேட்டு யாருடைய திண்ணைக்கும் போக வேண்டாம். சித்திரை, வைகாசி வெயில் வைப்பர் ரப்பரை இறுக்கி வெடிக்க வைத்துவிடுகிறது. அதனால் பிளேடு மாற்றும் செலவு மட்டும் இரண்டு வண்டிக்கும் பொது. புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடுகிறோம்.